வெப்பச்சலன எல்லை நிபந்தனை: எஃப்.இ.ஏ. (பாகத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்குப் போடும்) மென்பொருளில் அந்த ஒற்றை எண்ணைச் சரியாகக் கொடுக்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறை. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, ஒரு எல்.இ.டி. விளக்கின் முதுகில் இருந்த அலுமினிய ஹீட் சிங்கை (விளக்கின் சூட்டைக் காற்றுக்குக் கடத்தும் பாகம்) சோதித்துக்கொண்டிருந்தோம். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போக வேண்டிய விளக்கு அது. என் அனாலிசிஸ் ரிப்போர்ட்டில் 41 டிகிரி என்று அச்சாகியிருந்தது. விளக்கைப் பொருத்திய மெக்கானிக் அண்ணன் அதன் ஃபின் (மெல்லிய தகடு) மேல் விரலை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். "சார், 41ன்னா நம்ம ஊரு வெயில் சார். இதுல கை நிக்கல." தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பியை) ஒட்டிப் பார்த்தோம். 59.

மெஷ், அதாவது பாகத்தைப் பிரித்த வலை, நன்றாகத்தான் இருந்தது. மெட்டீரியலும் சரி, கணக்கைத் தீர்க்கும் சால்வர் ஒரு வார்னிங்கூடக் கொடுக்கவில்லை. தப்பு ஒரே இடத்தில்தான் நடந்திருந்தது. ஃபேன் வைத்த வேறொரு பேனலுக்கு முன்பு போட்டிருந்த 25 என்ற வெப்பச்சலனக் கோஎஃபிஷியன்டை இந்த விளக்கின் எல்லா முகங்களுக்கும் அப்படியே போட்டுவிட்டேன். 18 டிகிரி வித்தியாசத்துக்கு அந்த ஓர் எண் போதுமானதாக இருந்தது. இப்போது புதிதாகச் சேரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் முதல் வாரமே இந்த விளக்கைத்தான் கணக்காகக் கொடுக்கிறேன். அதே கணக்கை இங்கேயும் முதலிலிருந்து போட்டுக் காட்டுகிறேன்.

அந்த எண் எதைச் சொல்கிறது

வெப்பச்சலனம் என்று மென்பொருள் கேட்பது நியூட்டனின் குளிர்தல் விதியைத்தான். 1701இல் அவர் பெயர் போடாமல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த விதி அது. அந்தக் கோஎஃபிஷியன்டை எச் என்று வைத்துக்கொண்டால், முகத்திலிருந்து வெளியேறும் வெப்பம் = எச் × பரப்பு × (முகத்தின் வெப்பநிலை − சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை). பரப்பை மாடல் தானே எடுத்துக்கொள்ளும். முகத்தின் வெப்பநிலையை சால்வர் கண்டுபிடிக்கும். எச் எவ்வளவு, காற்றின் வெப்பநிலை எவ்வளவு என்ற இரண்டையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

எச் அலுமினியத்தின் குணம் இல்லை. காற்றின் குணம் என்றும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. காற்று எவ்வளவு வேகமாக, எந்தத் திசையில், எவ்வளவு உயரமான முகத்தை உரசிப் போகிறது என்பதையெல்லாம் சேர்த்துச் சுருக்கிய எண் அது. அதனால்தான் மெட்டீரியல் லைப்ரரியில் அலுமினியத்தின் கடத்துதிறன் கிடைப்பதுபோல் இது கிடைக்காது. மென்பொருளுக்குள் காற்றே இல்லை. காற்று என்ன செய்யும் என்று அதற்கு நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள், அது அதை நம்பிக்கொண்டு கணக்குப் போடுகிறது.

நம் பாகம்

கணக்கு ஓடுவதற்கு அளவுகள் வேண்டும். அகலம் 112 மில்லிமீட்டர், உயரம் 100, அடித்தட்டின் கனம் 5. அதன்மேல் 12 ஃபின்கள். ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர் கனம், 25 மில்லிமீட்டர் நீட்டம். இரண்டு ஃபின்களுக்கு நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. ஃபின்கள் செங்குத்தாக நிற்கின்றன, அதாவது சூடான காற்று இடையில் மேலேறிப் போகலாம். கறுப்பு அனோடைஸ் செய்த 6063 அலுமினிய எக்ஸ்ட்ரூஷன் (அச்சு வழியாகத் தள்ளி உருவாக்கியது), வெப்பக் கடத்துதிறன் சுமார் 200 வாட்/மீட்டர் கெல்வின். அடித்தட்டின் பின்முகத்தில் எல்.இ.டி. போர்டு 12 வாட் வெப்பத்தை இறக்குகிறது.

மாடலைத் திறப்பதற்கு முன்பே காற்று படும் பரப்பைக் காகிதத்தில் கூட்டிவிடுங்கள். ஃபின்களின் பக்கங்கள், நுனிகள், ஓரங்கள், இடையில் தெரியும் அடித்தட்டு, அடித்தட்டின் ஓரங்கள் எல்லாம் சேர்ந்து 0.0745 சதுர மீட்டர். பின்னால் இந்த எண்ணைக் கொண்டுதான் மென்பொருளைப் பிடிக்கப் போகிறோம்.

காற்றின் வெப்பநிலை

பெரும்பாலான மென்பொருள் 22 டிகிரி அல்லது 300 கெல்வின் என்று எதையாவது முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். அதை அப்படியே விட்டால் ஐரோப்பிய அறைக்கு டிசைன் செய்தவர் ஆவீர்கள். கடலூரில் கத்திரி வெயில் காலத்துக்கு நான் 40க்குக் குறையாமல் போடுவேன். பட்டறைச் சோதனையோடு ஒப்பிடும்போது மட்டும் அன்றைக்கு அறையில் அளந்த எண்ணைப் போட வேண்டும். அன்று 35. கணக்கு முழுவதும் அந்த 35ஐத்தான் வைத்துக்கொள்கிறேன்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பாகம் மூடிய பெட்டிக்குள் இருந்தால் அதைச் சுற்றியுள்ள காற்று வெளிக்காற்று இல்லை. பெட்டிக்குள் 40 வாட் எரிந்தால் உள்காற்று தானே சூடேறி நிற்கும். வெளியே 35 என்று பெட்டிக்குள்ளும் 35 போட்டால், ஒரு சுவரையே மாடலிலிருந்து இடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சிப்காட் சாலையோரம் வெயிலில் நிற்கும் கன்ட்ரோல் பேனலுக்கு வெயிலும் ஒரு தனிச் சுமை. உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 1000 வாட் அளவுக்கு வெப்பம் இறங்கும். அதைத் தனியாக ஹீட் ஃபிளக்ஸாகக் கொடுக்க வேண்டும், காற்றின் வெப்பநிலையை ஏற்றிச் சமாளிக்கக் கூடாது. நம் விளக்கு இரவில் எரிவது என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எச்-ஐக் கையால் கண்டுபிடிப்பது

இதற்குத்தான் நிதானம் வேண்டும். பாடநூல் வரம்புகள் முதலில்: தானாக நகரும் காற்று என்றால் 2 முதல் 25 வாட்/சதுர மீட்டர் கெல்வின், தள்ளிவிடப்படும் காற்று என்றால் 25 முதல் 250. இது ஊரை அடையாளம் காட்டும், வீட்டைக் காட்டாது. நம் விளக்கைப்போல் சிறிய, 20 முதல் 40 டிகிரி மட்டும் சூடேறும் பாகத்துக்கு 25 என்பது நின்ற காற்றில் நடக்காத காரியம். நான் செய்த தப்பு அதுதான்.

செங்குத்துத் தட்டுக்கு ஒரு சுருக்கச் சூத்திரம் உண்டு. வெப்பநிலை வேறுபாட்டை உயரத்தால் வகுக்க வேண்டும், உயரம் மீட்டரில் இருக்க வேண்டும். வந்த எண்ணுக்கு நான்காம் மூலம் எடுத்து 1.42ஆல் பெருக்குங்கள். நான்காம் மூலத்துக்குப் பயப்பட வேண்டாம், கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தரம் தட்டினால் போதும். நம் பாகம் 30 டிகிரி சூடேறும் என்று வைத்துக்கொள்வோம். 30ஐ 0.1ஆல் வகுத்தால் 300. அதன் நான்காம் மூலம் 4.16. 1.42ஆல் பெருக்கினால் 5.9.

இதையே முறைப்படியும் பார்ப்போம். முகம் 65, காற்று 35, சராசரி 50 டிகிரி. அந்த வெப்பநிலையில் காற்றின் கடத்துதிறன் 0.028. இயக்கப் பாகுநிலை ஒரு நொடிக்கு 0.000018 சதுர மீட்டர், பிரான்டில் எண் 0.71. விரிவுக் குணகம் 1/323. இவற்றைப் போட்டால் ராலே எண் (சூட்டால் காற்று எவ்வளவு வலுவாக மேலேறும் என்பதன் அளவு) சுமார் 20 லட்சம் வரும். ராலே எண் பத்தாயிரத்துக்கும் நூறு கோடிக்கும் நடுவில் இருந்தால் நசெல்ட் எண் (எச்-இன் அலகில்லாத வடிவம்) = 0.59 × ராலே எண்ணின் நான்காம் மூலம். அது 22.2. அதைக் கடத்துதிறனால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் எச் 6.2. சுருக்கச் சூத்திரத்தின் 5.9க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இரண்டும் இப்படி ஒட்டி வந்தால் கணக்கில் கை நழுவவில்லை என்று நம்பலாம்.

ஆனால் நம்மிடம் இருப்பது தனித் தட்டு இல்லை, எதிரெதிரே நிற்கும் ஃபின்கள். இடைவெளி குறுகினால் இரண்டு பக்கத்துக் காற்றுப் படலங்களும் நடுவில் மோதிக்கொண்டு வேகம் குறையும். இணைத் தட்டுகளுக்கான சூத்திரத்தை 8 மில்லிமீட்டர் இடைவெளிக்குப் போட்டால் எச் 5.5 வருகிறது. இந்த உயரத்துக்கும் இந்தச் சூட்டுக்கும் உகந்த இடைவெளி 7.2 மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் 8 நல்ல தேர்வுதான். அதே ஃபின்களை 4 மில்லிமீட்டருக்கு நெருக்கி, "பரப்பைக் கூட்டிவிட்டேன்" என்று மகிழ்ந்து, எச்-ஐ மட்டும் 6 என்றே விட்டுவிடுபவர்களைப் பார்க்கிறேன். மென்பொருள் அவர்களுக்குக் குளிர்ந்த விடை தரும், விளக்கு தராது.

படுத்த முகங்களுக்குக் கணக்கு வேறு. மேல்நோக்கிய சூடான முகத்துக்கு 0.59க்குப் பதில் 0.54. கீழ்நோக்கிய முகத்துக்கு 0.27, சரி பாதி. சூடான காற்று மேலே போக வழியில்லாமல் கீழ்முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் காரணம். உயரத்துக்குப் பதிலாகப் பரப்பைச் சுற்றளவால் வகுத்த நீளத்தைப் போட வேண்டும்.

கடற்காற்றை என்ன செய்வது? புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நின்றால் அது எவ்வளவு குளிர்விக்கும் என்று தோலே சொல்லும். நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று 100 மில்லிமீட்டர் தட்டை உரசினால் எச் 21க்கு மேலே போகும், நான்கு மடங்கு. ஆனாலும் நான் அதை டிசைனில் சேர்ப்பதில்லை. காற்று அடங்கி இலை அசையாமல் நிற்கும் இரவும் வரும், அந்த இரவிலும் துறைமுகத்தில் படகு வந்து மீன் இறங்கும். நின்ற காற்றுக்கு டிசைன் செய்யுங்கள்.

யூனிட்: எண் மாறும், மாறாமலும் இருக்கும்

மில்லிமீட்டரில் வரைந்த மாடலுக்கு எச் 5.5 என்று போடலாமா? மென்பொருள் வாட்டும் மில்லிமீட்டரும் கலந்து கேட்டால் 0.0000055 போட வேண்டும். கால்குலிக்ஸ் போன்ற இலவச சால்வர்களில் மில்லிமீட்டர், டன், நொடி என்று போனால் சக்தி மில்லிவாட்டில் வரும், அப்போது எச் 0.0055. வேடிக்கை என்னவென்றால் அதே முறையில் கடத்துதிறன் 200 என்பது 200ஆகவே இருக்கும். அது மாறவில்லையே, இதுவும் மாறாது என்று கை பழகிவிடுகிறது, 5.5 என்றே போட்டுவிடுகிறோம். குளிர்ச்சி ஆயிரம் மடங்காகிவிடும். பாகம் முழுவதும் காற்றின் வெப்பநிலைக்கே வந்து நின்றால் முதலில் இங்கே தேடுங்கள்.

மென்பொருளில் கொடுப்பது

ஆன்சிஸ் மெக்கானிக்கலில் ஸ்டெடி ஸ்டேட் தெர்மல் பகுதியில் வலது கிளிக், இன்சர்ட், கன்வெக்ஷன். ஃபின் முகங்களைத் தேர்ந்தெடுத்து, ஃபிலிம் கோஎஃபிஷியன்ட் என்ற கட்டத்தில் எச், ஆம்பியன்ட் டெம்பரேச்சரில் 35. அதன் லைப்ரரியில் "ஸ்டாக்னன்ட் ஏர்" என்று தயாராக ஒன்று இருக்கும், அதன் எளிய வடிவம் 5 வாட்/சதுர மீட்டர் கெல்வின். முதல் ஓட்டத்துக்கு அது மோசமில்லை, ரிப்போர்ட்டுக்கு உங்கள் கணக்கைப் போடுங்கள்.

இலவசமாக ஃப்ரீகேட்டில் செய்பவர்கள் கவனியுங்கள். அங்கே கன்வெக்ஷன் என்று தனியாகத் தேடினால் கிடைக்காது, ஹீட் ஃபிளக்ஸ் கன்ஸ்ட்ரெயின்டுக்குள் சர்ஃபேஸ் கன்வெக்ஷன் என்று ஒளிந்திருக்கும். வெப்பநிலை கெல்வினில் கேட்டால் 308.15 போட வேண்டும், 35 இல்லை. தொடக்க வெப்பநிலையையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கால்குலிக்ஸின் இன்புட் ஃபைலை நேராக எழுதுகிறவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: ஃபிலிம் வரியில் முகக் குறியீட்டுக்கு அடுத்து முதலில் காற்றின் வெப்பநிலை, அதற்குப் பிறகுதான் எச். மாற்றிப் போட்டாலும் அது குறை சொல்லாமல் ஓடும்.

12 வாட்டை அடித்தட்டின் பின்முகத்தில் ஹீட் ஃப்ளோவாகக் கொடுங்கள். அந்த முகத்துக்கு வெப்பச்சலனம் கிடையாது. போர்டு ஒட்டியிருக்கும் இடத்தில் காற்று ஏது? "ஆல் ஃபேசஸ்" என்று ஒரே இழுப்பில் தேர்ந்தெடுப்பதில் பிழைகள் நுழைவது இப்படித்தான். ஸ்குரூ துளையின் உள்சுவர், இரண்டு பாகங்கள் ஒட்டும் முகம், சமச்சீருக்காக வெட்டிய முகம் ஆகிய மூன்றுக்கும் எச் போடக் கூடாது. எதுவும் கொடுக்காமல் விட்ட முகத்தை மென்பொருள் வெப்பம் புகாத முகமாக எடுத்துக்கொள்ளும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

மெஷ்ஷுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். இந்த ஃபினின் செயல்திறன் 99 சதவீதம், அடியிலும் நுனியிலும் கிட்டத்தட்ட ஒரே சூடு. கனத்தில் ஒன்றிரண்டு குவாட்ரடிக் எலிமென்ட் போதும். கடத்துதிறன் 200 இருக்கும் இடத்தில் 95 இருக்கும் டை காஸ்டிங் கலவையைப் போட்டாலும் விடை ஒரு டிகிரிகூட நகராது. எச்-ஐப் பாதியாக்கினால், வெப்பச்சலனம் மட்டும் வைத்த கணக்கில் சூடேற்றம் 29 டிகிரியிலிருந்து 58க்குப் போய்விடும். மெட்டீரியல் டேட்டாஷீட்டுக்காக மூன்று நாள் மெயில் அனுப்பிவிட்டு எச்-ஐ மூன்று நொடியில் முடிவு செய்யும் பழக்கத்தை இதனால்தான் விட வேண்டும்.

எச்-ஐ அட்டவணையாகக் கொடுப்பது

5.5 என்பது 30 டிகிரி வேறுபாட்டுக்கு மட்டும் பொருந்தும். இதே ஃபின்களுக்கு 10 டிகிரி வேறுபாட்டில் எச் 3.0, 20இல் 4.6, 40இல் 6.2, 60இல் 7.1. இந்த எண்களை அட்டவணையாகக் கொடுத்தால் சால்வர் தானே சரியான இடத்தைத் தேடிப்போய் நிற்கும். ஆன்சிஸில் அட்டவணையை எந்த வெப்பநிலையை வைத்துப் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்கும். நம்முடையது வேறுபாட்டை வைத்துப் போட்டது. அதனால் முகத்துக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு என்ற தேர்வைத்தான் எடுக்க வேண்டும். முக வெப்பநிலை என்று விட்டுவிட்டால் 64 டிகிரிக்கான வரிசையைப் படித்து 7.1 எடுத்துக்கொள்ளும்.

கதிர்வீச்சை விட்டுவிடாதீர்கள்

வெப்பச்சலனம் மட்டும் போட்டால் விடை: 12ஐ 5.5 × 0.0745ஆல் வகுத்து 29 டிகிரி ஏற்றம், அதாவது 64. தெர்மோகப்பிள் 59தானே காட்டியது. மீதி ஐந்து டிகிரியை எடுத்துக்கொண்டு போனது கதிர்வீச்சு. கறுப்பு அனோடைஸ் முகத்தின் எமிசிவிட்டி (கதிர்வீசும் திறன்) 0.85 அளவில் இருக்கும். இந்தச் சூட்டில் அது சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 6.3 வாட் வீதம் வெப்பத்தைக் கொண்டுபோகும். நின்ற காற்றுக்குச் சமம்!

ஆனால் எல்லா ஃபின் முகங்களுக்கும் கதிர்வீச்சு போட்டால் அடுத்த குழியில் விழுவீர்கள். எதிரெதிர் ஃபின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, ஒன்று வீசுவதை மற்றது வாங்கிக்கொள்கிறது. வெளியுலகைப் பார்ப்பது ஹீட் சிங்கைச் சுற்றி ஒரு காகிதத்தை இறுக்கிச் சுற்றினால் கிடைக்கும் உறைப் பரப்பு மட்டும்தான். நம் பாகத்துக்கு அது 0.0239 சதுர மீட்டர், மொத்தப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. எச்-ஐ அட்டவணையிலிருந்து எடுத்து, கதிர்வீச்சை எல்லா முகங்களுக்கும் போட்டால் விடை 51க்கு இறங்கிவிடும். மென்பொருளில் சர்ஃபேஸ் டு சர்ஃபேஸ் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் எல்லா முகங்களுக்கும் போட்டு எமிசிவிட்டியை அதே விகிதத்தில், அதாவது 0.27ஆகக் குறையுங்கள். அப்போது அதே அட்டவணையோடு விடை 58.

கால்குலிக்ஸில் கதிர்வீச்சுக்குத் தனிச் சுழியத்தையும் ஸ்டீஃபன் போல்ட்ஸ்மன் மாறிலியையும் நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். செல்சியஸில் வேலை செய்தால் தனிச் சுழியம் −273.15.

விடையைச் சந்தேகப்படுவது எப்படி

வண்ணப் படத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு எண்களைப் பாருங்கள். கன்வெக்ஷன் கொடுத்த முகங்களின் மொத்தப் பரப்பு 0.0745க்குப் பக்கத்தில் இருக்கிறதா? குறைந்தால் ஏதோ முகம் விடுபட்டிருக்கிறது, கூடினால் ஆகாத முகம் சேர்ந்திருக்கிறது. அடுத்து ரியாக்ஷன் ப்ரோபில் வெளியேறும் வெப்பம். சலனத்தில் 8.5 வாட், கதிர்வீச்சில் 3.5 வாட், மொத்தம் 12. உள்ளே போனது வெளியே வர வேண்டும். ஆனால் இந்தக் கணக்கு ஒத்துப்போவது சால்வர் ஒழுங்காகக் கூட்டியிருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. என் 25ஐப் போட்டாலும் 12 வாட் ஒத்துப்போகும். எச் சரியா என்று அது சொல்லாது.

சால்வர் ஓடவே மறுத்தால், அல்லது வெப்பநிலை கோடிகளில் வந்தால், பெரும்பாலும் வெப்பம் உள்ளே போக வழி கொடுத்துவிட்டு வெளியேற வழி கொடுக்க மறந்திருப்பீர்கள்.

பட்டறையில் அளப்பது

ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, விளக்கை எரிய விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருங்கள். இந்த ஹீட் சிங்கின் எடை 310 கிராம் அளவில் இருக்கும். அதற்கான நேர மாறிலி (சூடேறும் வேகத்தின் அளவு) ஒன்பது நிமிடம். நான்கைந்து மடங்கு போனால்தான் சூடு நிலைக்கும், விளக்கின் மற்ற பாகங்கள் சேர்ந்தால் இன்னும் கூடும். பத்து நிமிடத்தில் அளந்துவிட்டு "டிசைன் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று போனவர்கள் உண்டு.

தெர்மோகப்பிளின் முனையை அடித்தட்டில் ஒட்டி, கம்பியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அந்தத் தட்டின் மேலேயே ஓட்டி, பாலிமைடு டேப்பால் மூடுங்கள். கம்பி நேராகக் காற்றுக்குள் கிளம்பினால் அதுவே ஒரு குட்டி ஃபினாகி முனையைக் குளிரவைக்கும், நீங்கள் இரண்டு மூன்று டிகிரி குறைவாகப் படிப்பீர்கள். காற்றின் வெப்பநிலையை விளக்கிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, விளக்குக்குக் கீழே தாழ்ந்த இடத்தில் அளக்க வேண்டும். மேலே அளந்தால் விளக்கே சூடாக்கிய காற்றைத்தான் அளப்பீர்கள்.

மாடல் 58, அளவீடு 59 என்றால் கை வைக்காதீர்கள். அளவீடு 64க்குப் போனால் முதலில் 12 வாட் உண்மையிலேயே 12தானா என்று வாட் மீட்டரில் பாருங்கள், பிறகு எமிசிவிட்டி, பிறகு ஃபின் வழியில் கேபிளோ பிராக்கெட்டோ குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். எச்-ஐ மாற்றுவது கடைசி. மாற்றினால் எதிலிருந்து எதற்கு, ஏன் என்று ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அன்று என் 25க்குப் பக்கத்தில் "ஃபேன் உள்ள பேனலிலிருந்து எடுத்தது" என்று ஒரு வரி இருந்திருந்தால், விளக்கு தயாரிப்புக்குப் போவதற்கு முன்பே யாராவது அதைப் பிடித்திருப்பார்கள்.